ஆறாந் திருவிழாக்காரர்

ஒழுங்கைக்குள் வாகனம் திரும்பியதும் படலை தானாகத் திறந்தது. படலை என்பது தில்லைநாதனின் வாய்ப் பழக்கம். அது படலை அல்ல, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான இரும்புக் கேற், கறுப்பு நிறம், நடுவில் பொன் பூச்சில் ஒரு மயில். சாரதி கையிலிருந்த சின்னப் பொத்தானை அழுத்த, மயில் நடுவால் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிறீச் சத்தம்கூட இல்லாமல் இரண்டு பக்க மதிலோடும் ஒதுங்கிக்கொண்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து எட்டு மணித்தியாலம் குந்தியிருந்து வந்த களைப்பில் அரைக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் முழுக் கண்ணையும் திறந்தார். உள்ளே இரண்டு மாடி. முன்னால் புல்லுத் தரை. கார்க் கொட்டிலில் இரண்டு கார். கொட்டில் என்பதும் வாய்ப் பழக்கம்தான், அந்தக் கொட்டிலுக்கு மாபிள் பதித்திருந்தது. அடிவயிற்றில் ஏதோ சூடாக ஏறியது. வவுனியாவில் தின்ற ரோல்ஸ்தான் வேலை காட்டுகிறது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். ரோல்ஸ் பாவம், அதில் ஒரு பிழையும் இல்லை.

"அண்ணை!" என்று கூப்பிட்டபடி தம்பி றமேஸ் சாரத்தோடும் வெறுங்காலோடும் படியிறங்கி ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "என்ன அண்ணை, உப்பிடி மெலிஞ்சு போனியள்?"

தில்லைநாதன் அதே கேள்வியைத் தம்பியிடம் கேட்பதாகத்தான் விமானத்தில் நினைத்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் ஊரில் நிற்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. கேட்க ஒரு வழியும் இல்லாமல் தம்பியின் வயிறு இருவருக்கும் நடுவில் நின்றது.

தில்லைநாதன் சுவிசின் பேர்ண் நகருக்குப் போய் முப்பத்துமூன்று வருடம். அதில் இருபத்தெட்டு வருடம் ஒரே வேலை. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறை, ஆள் உள்ளே இறங்கி நின்று தேய்க்கக்கூடிய பெரிய பாத்திரங்கள். தம்பி எட்டு வயது இளையவன். தொண்ணூறுகளில் அவனையும் கூப்பிடுவதற்கு ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டினார். அவன் சிங்கப்பூரில் ஒரு அறைக்குள் மூன்று மாதம் அடைபட்டுக் கிடந்துவிட்டுப் போன மாதிரியே திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அவன் வெளிக்கிடவில்லை. ஊரிலேயே, நீர்வேலியில், வாழைத் தோட்டத்தோடு நின்றுவிட்டான். "தம்பி பாவம்" என்று தில்லைநாதன் அன்று சொல்லத் தொடங்கினார். மனைவி மகாதேவியிடம் சொன்னார், சமையலறையில் கூட வேலை செய்த போர்த்துக்கல்காரனிடமும் சொன்னார். இரக்கம் ஒரு வசதியான சாமான். மேலே நிற்கிறவனுக்குத்தான் அது கட்டுப்படியாகும். தில்லைநாதன் முப்பது வருடம் அந்த இரக்கத்தைப் போர்த்துக்கொண்டுதான் பனிக்குள் வேலைக்குப் போய்வந்தார்.

இடையில் தம்பி வாழைக்குலையை லொறியில் கொழும்புக்கு ஏற்றத் தொடங்கியது தெரியும். சண்டை முடிந்த கையோடு கல்லு, மண், சீமெந்து விற்கிற யாட் போட்டதும் தெரியும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியோரமாக ஒரு கல்யாண மண்டபம் கட்டியதையும் வட்ஸ்அப்பில் படம் பார்த்தார். ஆனால் கைத்தொலைபேசிக்குள் எந்தக் கட்டடமும் உள்ளங்கை அளவுதானே.

றமேசின் மனைவி றஜனி வீட்டைச் சுற்றிக் காட்டினாள். "இது உங்கடை அறை, அத்தான்" என்று மேல்மாடியில் ஒரு கதவைத் திறந்தாள். பேர்ணில் தில்லைநாதனின் வீடு முழுவதையும் மடித்து அந்த அறைக்குள் வைக்கலாம். குளியலறையில் கையை நீட்டினால் தண்ணீர் தானாக வந்தது, கையை எடுத்தால் நின்றது. கீழே பின்பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற மெசின் இரண்டு, காயவிடுகிற மெசின் ஒன்று. அந்த மூன்றுக்கும் முன்னால் அவர் கொஞ்ச நேரம் நின்றார். பேர்ணில் அவர் இருக்கிற கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து நிலக்கீழ் அறையில் ஒரு மெசின். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வியாழக்கிழமை பின்னேரம் அவருடைய முறை. முறை தாண்டி ஐந்து நிமிடம் போனால் மூன்றாம் மாடிச் சீமாட்டி கடுதாசியில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுவாள். முப்பத்துமூன்று வருடம் சுவிசில் இருந்தவர், நினைத்த நேரம் நினைத்த உடுப்பைத் தோய்த்ததில்லை. அவருடைய தம்பி, சிங்கப்பூரோடு திரும்பி வந்த அந்தப் பாவம், ஞாயிறும் தோய்க்கிறான், திங்களும் தோய்க்கிறான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் தில்லைநாதன். "ஆனா கரண்ட் பில் கூட வருமே?"

"மேலை சோலர் போட்டிருக்கு, அத்தான்" என்றாள் றஜனி.

பின்னேரம் பெட்டி திறந்தார். எல்லாரும் சுற்றி இருந்தார்கள். சொக்லேட், வாசனைத் திரவியம், கோடாலித் தைலம், கம்பளிச் சட்டை. இந்த வெயிலுக்குக் கம்பளிச் சட்டை ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மரியாதையே அவருக்குச் சுட்டது. கடைசியாகத் தம்பிக்கென்று ஒரு கைத்தொலைபேசியை எடுத்தார். மகள் ஆரபி இரண்டு வருடம் பாவித்தது, கீறல் விழாத சாமான். றமேஸ் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றாத குறையாகப் பார்த்து, "ஏன் அண்ணை உவ்வளவு செலவழிச்சனீங்கள்?" என்றான். அப்போது அவன் சட்டைப் பைக்குள் இருந்தது கூவியது. அவன் எடுத்துப் பேசினான். புத்தகம் மாதிரி விரிகிற தொலைபேசி. பேசி முடித்துப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தான். அடுத்த நாள் காலை தில்லைநாதன் தோட்டப் பக்கம் நடந்தபோது, தம்பியிடம் டிறக்ரர் ஓட்டுகிற தியாகராசா ஆரபியின் தொலைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தார். தியாகராசாவும் தில்லைநாதனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் குந்திப் படித்தவர்கள். "நல்ல சாமானடாப்பா" என்றார் தியாகராசா மனமார.

அவர் சும்மா ஊர் பார்க்க வந்தவரல்ல. அவருடைய பெட்டியின் உள்ளறையில் ஓய்வூதியக் கந்தோரின் கடிதம் ஒன்று இருந்தது. வேலையை இப்போதே விட்டு, இதுவரை சேர்ந்ததை மொத்தமாக எடுத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போகலாம். அல்லது அறுபத்தைந்து வயதுவரை வேலை செய்து மாதாமாதம் வாங்கலாம். எது வேண்டுமென்று இந்த மாதம் முடிவதற்குள் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். வைத்தால் பிறகு மாற்ற முடியாது. மொத்தமாக எடுப்பது, தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் தம் பங்குக்கு வந்த காணியில் வீடு கட்டுவது, மிச்சத்தோடு ஊரில் பெரிய மனிதராக இருப்பது என்று பத்து வருடமாக மனதில் கட்டிவைத்திருந்தார். வயது அறுபது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மகாதேவிக்கு விருப்பமில்லை. "பேரப்பிள்ளையை விட்டிட்டு அங்கை போய் ஆரின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?" என்றாள். "நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ, பிறகு பாப்பம்." பார்க்கத்தான் வந்தார். பார்த்ததுதான் வினையாகிவிட்டது.

மூன்றாம் நாள் இரண்டு பேரும் அந்தக் காணிக்குள் நின்றார்கள். செம்மண்ணில் ஒரு பக்கம் முழுக்க இதரை வாழை, தம்பி வைத்தது. மறுபக்கம் துப்புரவாக்கிக் கிடந்தது. றமேஸ் காலால் மண்ணைத் தட்டிக் காட்டினான்.

"அண்ணை, கல்லு, மண், சீமெந்து, கம்பி எல்லாம் என்ரை யாட்டிலை இருந்து வரும். மேசன்மாரும் என்ரை ஆக்கள். நீங்கள் பிளானை மட்டும் சொல்லுங்கோ. வாற புதனுக்கு நல்ல நாள் இருக்காம், அத்திவாரம் வெட்டலாம்."

"உனக்கேன் செலவு?"

"எனக்கென்ன செலவு? உங்களுக்கு ஒரு சின்ன வீடு காணும்தானே, அண்ணையும் அண்ணியும்தானே. ஒரு மாடி, இரண்டு அறை. ஏறி இறங்கவும் தேவையில்லை."

அவன் கரிசனையோடுதான் சொன்னான். தில்லைநாதனின் முழங்காலை மூன்று நாளாகக் கவனித்து வைத்துவிட்டுச் சொன்னான். ஆனால் தில்லைநாதனின் காதுக்குள் சின்ன வீடு என்ற இரண்டு சொல் மட்டும்தான் போனது. கேற்றில் மயில் வைத்த மாடிக்குப் பக்கத்தில், அதன் நிழல் விழுகிற இடத்தில், தம்பியின் கல்லில், தம்பியின் மண்ணில், தோட்டக் காவல்காரனின் வீடு மாதிரி ஒரு ஒற்றை மாடி. போகிற வருகிறவன் எல்லாம் கேட்பான், "உது றமேஸ் முதலாளியின்ரை எந்த ஆளின்ரை வீடு?" ஊர் அவரை இனி றமேசின் தமையன் என்று சொல்லும். ஒரு காலத்தில் அவன் சுவிஸ்காரனின் தம்பி என்றுதான் அறியப்பட்டான். எரிச்சல் என்று அவர் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி காசைக் கண்டதும் தலைகால் தெரியாமல் ஆடுகிறான், அதுதான் கவலை என்று நினைத்துக்கொண்டார். உலகத்தில் எந்தப் பொறாமைக்காரனும் தன்னைப் பொறாமைக்காரன் என்று நினைப்பதில்லை. எல்லாரும் மற்றவனைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்தான்.

அந்தக் கிழமைதான் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழா. பத்து நாளில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். ஆறாம் நாள் இவர்களுடையது. சுவாமி மஞ்சத்தில் ஏறி வெளிவீதி சுற்றுகிற நாள். மஞ்சம் என்பது தேருக்குத் தங்கச்சி மாதிரி, மரத்தில் செய்து சில்லுப் பூட்டிய உயரமான வாகனம். இருபது வருடத்துக்கு மேலாக ஆறாம் திருவிழாச் செலவு பேர்ணிலிருந்துதான் வந்தது. பிறகு கொரோனா வந்து, வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்தபோது தில்லைநாதனால் அனுப்ப முடியவில்லை. "பறுவாயில்லை அண்ணை, நான் பாக்கிறன்" என்றான் தம்பி. அடுத்த வருடமும் பார்த்தான். அதற்கடுத்த வருடங்களில் தில்லைநாதன் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. அந்தப் பேச்சு இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே கிடந்து புல் முளைத்துவிட்டது.

ஆறாம் நாள் காலை கோயிலுக்குள் ஆண்கள் எல்லாரும் சட்டையைக் கழற்றி இடுப்பில் சால்வையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடவுள் சந்நிதியில் எல்லாரும் ஒன்று என்பதற்காகத்தான் அந்த வழக்கத்தை வைத்தார்களாம். வைத்தவர்கள் சங்கிலியைப் பற்றி யோசிக்க மறந்துவிட்டார்கள். றமேசின் வெற்று மார்பில் தேர்வடம் அளவு தடிப்பில் ஒரு சங்கிலி கிடந்தது. அதன் நுனியில் புலிப்பல் அளவில் ஒரு பதக்கம். இரண்டாயிரத்து மூன்றில், சமாதான காலத்தில், தில்லைநாதன் முதல்முறை ஊருக்கு வந்தபோது இதே இடத்தில் இதே மாதிரி ஒரு சங்கிலியோடு நின்றார். அன்று தம்பி அதைக் கண்வெட்டாமல் பார்த்ததும், அந்தப் பார்வை தமக்கு இனித்ததும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தச் சங்கிலி ஆரபியின் கல்யாணத்தோடு போய்விட்டது. இப்போது அவருடைய கண்தான் தம்பியின் மார்பைவிட்டு நகர மாட்டேன் என்றது. கற்பூர தீபம் காட்டுகிறபோதுகூட அவர் பிள்ளையாரைப் பார்க்கவில்லை. பிள்ளையார் அதைக் கவனித்திருப்பார்.

திருவிழா என்றால் திருவிழா. நான்கு கூட்டம் தவில் நாதஸ்வரம். வீதி முழுக்கச் சரிகைப் பந்தல். பூ முழுவதும் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்ததாம். வானத்தில் ஒரு சின்ன யந்திரம் பறந்து படம் எடுத்தது. உலகம் முழுக்க இருக்கிற ஊர்ச்சனத்துக்கு நேரலை. கூட்டத்துக்குள் தியாகராசாவும் ஆரபியின் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுவாமி சுற்றி வந்து இருப்பிடத்துக்குப் போனது. இனி உபயகாரருக்குக் காளாஞ்சி கொடுக்க வேண்டும். மேளம் முழங்க, தேங்காயும் வெற்றிலையும் பழமும் வைத்த தட்டோடு ஐயர் வந்தார். ஆறாம் திருவிழாக்காரர் ஆர் என்பதை ஊர் அறிகிற நேரம் அது. றமேஸ் ஒரு அடி முன்னுக்கு வைத்தான். தில்லைநாதன் தட்டிலிருந்து கண்ணை எடுத்தார். அடுத்த நொடி தம்பி திரும்பி, அவருடைய முழங்கையைப் பிடித்து, முன்னுக்குத் தள்ளினான்.

"வாங்குங்கோ அண்ணை. மூத்தவர் நிக்க நான் வாங்கிறதே?"

ஒலிபெருக்கியில் பரிபாலன சபைச் செயலாளர் நமசிவாயம் மாஸ்ரரின் குரல் வந்தது. அவருக்கு எண்பது வயது. இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போனதையே சொன்னார். "இன்றைய ஆறாம் திருவிழா உபயம், சுவிஸ் நாட்டிலிருந்து வருகை தந்திருக்கும் எங்கள் ஊரின் பெருமைக்குரிய மைந்தன் திரு. தில்லைநாதன் குடும்பத்தினர்."

தில்லைநாதன் குனிந்தார். தட்டு கையில் ஏறியது. நாதஸ்வரக்காரர் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று ஊதினார். இரண்டு பக்கத்திலும் ஆட்கள் கையைப் பிடித்தார்கள். "நாலு மேளம் பிடிச்சிட்டியள்!", "சுவிஸ் காசெண்டால் சும்மாவே!", "ஊரை மறக்கேல்லை, அதுதான் பெரிய விசயம்." அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினார். ஒரு சொல் போதும். "இது தம்பியின்ரை செலவு" என்றால் முடிந்தது. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டு அடி தள்ளித் தம்பி சால்வையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் காதில் விழாதவன் மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றான். தியாகராசாவின் கண் ஒருதரம் தம்பிக்குப் போய், அண்ணனுக்கு வந்து, நிலத்துக்குப் போனது. அவருக்கு எல்லாம் தெரியும். பந்தல் தடி ஏற்றிப் பறித்ததே அவருடைய டிறக்ரர்தானே.

பேசாமல் வாங்கியதைப் பேசாமல் விட்டிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் பிச்சையாக விழுந்தது தட்டுக்குள் கனத்தது. தம்பி அதைத் தர்மமாகத் தந்தானா, தந்து தம்மை விலைக்கு வாங்கினானா என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காதது இன்னும் எரித்தது. அன்னதான மடத்தில் பந்தி இருந்தபோது நமசிவாயம் மாஸ்ரர் எதிரே வந்து நின்றார்.

"தம்பியவை, மஞ்சத்தைப் பாத்தனீங்களோ? முழுக்கக் கறையான். இண்டைக்கே நான் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான். இனி ஒரு வருசம் தாங்காது. றமேஸ், நான் உன்னட்டை முந்தியும் சொன்னனான்..."

"ஓம் மாஸ்ரர், அதைப் பற்றி..." என்று றமேஸ் சோற்றுக் கையை இலையில் வைத்தபடி நிமிர்ந்தான்.

"மஞ்சம் நான் செய்து தாறன்" என்றார் தில்லைநாதன்.

பந்தியில் ஒரு வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தம் குரல் அவ்வளவு சத்தமாக வந்தது அவருக்கே அதிசயம். சொன்ன கையோடு பக்கத்தில் பார்த்தார். இத்தனை நாளில் முதல்முறையாகத் தம்பியின் முகத்தில் சிரிப்பு மறைந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது தில்லைநாதனின் வயிற்றுச் சூடு ஒரேயடியாக அணைந்தது. பனிக்கால முடிவில் முதல் வெயில் முதுகில் படுவது மாதிரி இருந்தது. பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். மாஸ்ரர் அவருடைய கையைப் பிடித்துக் கண்கலங்கினார். ஐந்து நிமிடத்தில் ஒலிபெருக்கி அதை ஊருக்குச் சொன்னது. நேரலை அதை உலகத்துக்குச் சொன்னது.

அந்தச் சுகம் கார் வரைக்கும்தான் வந்தது. காருக்குள் குளிர் அடித்தது. றமேஸ் தானே ஓட்டினான். சந்தியைத் தாண்டினான்.

"அண்ணை, இப்ப ஒரு மஞ்சத்துக்கு எவ்வளவு முடியும் எண்டு தெரியுமே?" என்று மெல்லக் கேட்டான். தானே ஒரு தொகையைச் சொன்னான். மரம், ஆசாரிமார், இரண்டு வருட வேலை. ஓய்வூதியக் கடிதத்தில் இருந்ததில் முக்கால்வாசிக்கு மேல் அது.

"தெரியாமலோ சொன்னனான்" என்றார் தில்லைநாதன். தெரியாமல்தான் சொன்னார்.

"அப்ப அத்திவாரம்... புதன்கிழமை எண்டு மேசனுக்குச் சொல்லியெல்லோ வைச்சிருக்கு."

"பாப்பம்."

றமேஸ் அவரைத் திரும்பிப் பார்த்தான். கோபத்தைத்தான் அவர் அந்த முகத்தில் தேடினார். அல்லது ஒரு சொட்டுப் பொறாமை. காளாஞ்சியை வாங்கி, மஞ்சத்தையும் தட்டிப் பறித்த அண்ணன்மேல் மனிதனுக்கு அதுகூட வராதா? அங்கே இருந்தது வேறு. அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. முப்பது வருடம் பேர்ணில் இருந்துகொண்டு தொலைபேசிக்குள்ளால் அவர் தம்பியைப் பார்த்த பார்வை. அண்ணை பாவம். அவ்வளவுதான். றமேஸ் கண்ணை எடுத்து வீதியைப் பார்த்து ஓட்டினான். மயில் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

வீட்டுக்குள் காலை வைக்கவில்லை, அதற்குள் மகாதேவி தொலைபேசியில் எடுத்துவிட்டாள். பேர்ணில் காலை நேரம். அவளுடைய குரலில் கோபம் இருக்கும், அழுகை இருக்கும் என்று பயந்துகொண்டு காதில் வைத்தார்.

"லைவிலை பாத்தனான். காளாஞ்சி வாங்கேக்கை நல்ல வடிவாய் நிண்டனீங்கள். மஞ்சம் செய்து குடுக்கிறன் எண்டு சொன்னியளோ?"

"ஓம்..."

"நல்ல விசயம். பிள்ளையாருக்குத்தானே. இஞ்சை சனமெல்லாம் எடுத்துக் கதைக்குதுகள், லண்டனிலை இருந்து அக்காவும் எடுத்தவ." கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு அவளுடைய குரல், பல மாதத்துக்குப் பிறகு, லேசாகிச் சிரித்தது. "அப்ப அந்தக் கடிதத்துக்கு மாதாமாதம் எண்டு போட்டு விடுவம், என்ன? அறுபத்தைஞ்சு மட்டும் வேலையிலை நிக்கலாம்தானே. ஆறுதலாய், அஞ்சு வருசத்திலை பகுதி பகுதியாய்க் குடுத்து முடிச்சிடலாம்."

அவள் தம்மோடு அவ்வளவு பிரியமாகப் பேசி அவர் அண்மையில் கேட்டதில்லை. பின்னால் பேரப்பிள்ளை தாத்தா, தாத்தா என்று கத்தியது. தில்லைநாதன் கட்டிலில் போய்க் குந்தி முழங்காலைத் தடவினார். இன்னும் ஐந்து பனிக்காலம். ஆள் இறங்கி நிற்கிற பாத்திரங்கள். "வந்து கதைப்பம்" என்று சொல்லி வைத்தார். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

புதன்கிழமை வந்தது. மேசன் வரவில்லை. வேண்டாமென்று ஒருவரும் சொன்னதாகத் தில்லைநாதனுக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. அன்று காலை நமசிவாயம் மாஸ்ரர் ஆள் அனுப்பினார், இரண்டு பேரும் ஒருக்கால் கோயிலடிக்கு வந்துவிட்டுப் போகட்டாம். போனார்கள்.

கோயில் உள்வீதியின் தெற்குச் சுவர் முழுக்க உபயகாரரின் பெயர்கள். குருநகரிலிருந்து வந்திருந்த எமில்ராஜ் என்கிற பெயின்ரர் ஏணியில் ஏறி நின்றான். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. மாதா கோயில், பிள்ளையார் கோயில் என்று பார்க்காமல் குடாநாடு முழுக்க எழுத்து எழுதுகிற கை. வெள்ளைச் சுண்ணாம்பில் புதிதாக ஒரு இடம் பூசியிருந்தார்கள். சொன்னதைச் சூட்டோடு சூட்டாகச் சுவரில் ஏற்றிவிட வேண்டும் என்பது மாஸ்ரரின் அனுபவம். வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறினால் பாதிப் பேருக்கு மறதி வந்துவிடும்.

"புதிய மஞ்சம், உபயம்" என்று நீலத்தில் எழுதியாகிவிட்டது. கீழே "க. தில்லைநாதன்" என்று எமில்ராஜ் கடைசி எழுத்தின் புள்ளியையும் வைத்தான். வைத்துவிட்டு, கை பழகின பழக்கத்தில், பக்கத்திலேயே ஒரு அடைப்புக்குறியைத் திறந்து வளைத்தான். பிறகு திரும்பினான்.

"ஐயா, உள்ளுக்கை என்ன போட? சுவிஸ் எண்டோ? இல்லாட்டி ஊரோடை வந்திட்டியளோ?"

"சுவிஸ் எண்டு போடும், வேறை என்ன?" என்றார் மாஸ்ரர்.

"பொறுங்கோ மாஸ்ரர். அண்ணை சொல்லட்டும்" என்றான் றமேஸ்.

தில்லைநாதன் சுவரைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை அடைப்புக்குறிகள். கனடா, லண்டன், நோர்வே, பிரான்ஸ், கனடா, கனடா. ஒவ்வொரு பெயரும் ஒரு நாட்டைச் சுமந்துகொண்டு நின்றது. மூலையில், மடப்பள்ளிக் கூரை திருத்தியதற்காக, "க. றமேஸ்" என்று ஒரு வரி. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அவனுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. பெயர் முடிந்த இடத்தில் வெறும் வெள்ளைச் சுவர். மயில் கேற்றும் இரண்டு காரும் மூன்று மெசினும் தேர்வடச் சங்கிலியும் எரித்ததெல்லாம் ஒரு எரிவா என்று தோன்றும்படியாக அந்த வெற்றிடம் அவரை எரித்தது. வாயைத் திறந்தார். தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எமில்ராஜ் தூரிகையைச் சுவருக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தபடி காத்திருந்தான். திறந்த அடைப்புக்குறியின் அடிநுனியிலிருந்து நீல மை ஒரு துளி சேர்ந்து, கனத்து, சுண்ணாம்பின் மேல் மெல்ல இறங்கத் தொடங்கியது.